பேரூராட்சி ஆடுவதைக்கூடம்: பழையதைச் சீரமைப்பதா, புதிது கட்டுவதா, பக்கத்து நகராட்சியோடு சேர்வதா?

காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம் வட்டாரத்தில் ஒரு பேரூராட்சி என்று வைத்துக்கொள்வோம். எட்டுப் பத்துக் கறிக்கடைகள். சாதாரண நாளில் ஊர் முழுக்கச் சேர்த்து ஐந்தாறு ஆடு அறுபடும். ஞாயிற்றுக்கிழமை நாற்பது ஆகும். தீபாவளி வந்தால் கணக்கே வேறு. சந்தைப்பேட்டை ஓரத்தில் எப்போதோ கட்டிய ஆடுவதைக்கூடம் ஓடு சரிந்து கிடக்கிறது. அங்கே யாரும் போவதில்லை. கடைக்காரர்கள் அவரவர் கடைக்குப் பின்னாலேயே வேலையை முடித்துக்கொள்கிறார்கள். சாக்கடையில் ரத்தம் ஓடுகிறது என்று தெருக்காரர்கள் மனு மேல் மனு கொடுத்து, கடைசியில் விஷயம் மன்றக் கூட்டத்துக்கு வந்துவிட்டது.

இதே நிலைமையில் நம் பக்கம் எத்தனையோ ஊர்கள் இருக்கின்றன. முன்னால் இருப்பவை நான்கு வழிகள். இப்படியே விட்டுவிடலாம். பழைய கூடத்தைச் சீரமைக்கலாம். இயந்திரங்களோடு புதிய கூடம் கட்டலாம். பக்கத்து நகராட்சிக் கூடத்தில் அறுத்து, கறியை வண்டியில் கொண்டுவரலாம். இவற்றில் சீரமைப்பதுதான் பெரும்பாலான ஊர்களுக்குச் சரி என்பது என் கருத்து. ஆனால் டைல்ஸ் ஒட்டிப் பெயின்ட் அடிப்பதைச் சீரமைப்பு என்று சொல்லவில்லை. எதற்கு முதலில் காசு போட வேண்டும் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

முதல் வழியை இரண்டு வரியில் முடித்துவிடலாம். மிருகவதைத் தடுப்பு (வதைக்கூடம்) விதிகள், 2001 தெளிவாகச் சொல்கின்றன: நகர எல்லைக்குள் அங்கீகாரமோ உரிமமோ பெற்ற கூடத்தைத் தவிர வேறெங்கும் அறுக்கக் கூடாது. 2011-இன் உணவுப் பாதுகாப்பு உரிம விதிமுறைகளும் அதையே வேறு பக்கத்திலிருந்து சொல்கின்றன: கறிக்கடைக்குள் அறுக்கக் கூடாது, தோல், குளம்பு, தலை, கழுவாத குடல் எதையும் கடையில் வைத்திருக்கக் கூடாது. ஆக, இப்படியே விடுவது என்றால், எல்லாக் கடைக்காரர்களையும் நிரந்தரமாகச் சட்டத்துக்கு வெளியே நிறுத்திவைப்பது என்று பொருள். யாரோ ஒருவர் புகார் கொடுக்கும் நாளில் அபராதம், மற்ற நாளெல்லாம் கண்டும் காணாமல் இருப்பது. அந்தத் தொழிலை நம்பியிருக்கும் குடும்பங்களுக்கு இது மரியாதையான ஏற்பாடு அல்ல.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். கடைக்குப் பின்னால் அறுப்பதை ஜனங்கள் இவ்வளவு நாள் ஏன் ஏற்றுக்கொண்டார்கள்? கண் முன்னால் அறுத்த கறி, சூடு ஆறாத கறி என்ற நம்பிக்கைதான் காரணம். “இப்பத்தான் அறுத்ததுங்களா?” என்று கேட்டுத்தான் நம் ஊரில் அரைக் கிலோ வாங்குவார்கள். அந்தக் கேள்விக்குப் பின்னால் அனுபவ அறிவு இருக்கிறது. குளிரூட்டும் வசதி இல்லாத இடத்தில், அறுத்ததற்கும் அடுப்பில் ஏறுவதற்கும் நடுவில் இருக்கும் நேரம்தான் கறியின் நல்லது கெட்டதைத் தீர்மானிக்கிறது. கருப்பணசாமிக்குக் கிடா வெட்டும் இடத்தில் டைல்ஸ் இல்லை, கொக்கி இல்லை. இருந்தும் அந்தக் கறி பெரும்பாலும் யாரையும் படுக்க வைப்பதில்லை. வெட்டிய இரண்டு மணி நேரத்துக்குள் அண்டாவில் கொதித்துவிடுகிறது என்பதே காரணம். கடையில் தொங்கும் கறியின் கதை வேறு. அதிகாலை மூன்றரை மணிக்கு அறுத்தது பகல் ஒரு மணிவரை வெயில் காலத்துச் சூட்டில் தொங்கும். நல்ல சூடும் ஈரமும் கிடைத்தால் பாக்டீரியா 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிக்கும். அந்த வேகத்தில் போனால் ஒன்று ஐந்து மணி நேரத்தில் முப்பதாயிரத்தைத் தாண்டும். கறியின் மேல் எப்போதும் அவ்வளவு வேகம் இருக்காது என்றாலும், முதலில் எத்தனை ஒட்டியது என்பது எவ்வளவு முக்கியம் என்று இதிலிருந்தே தெரியும்.

எங்கிருந்து ஒட்டுகிறது? நோயில்லாத ஆட்டின் தசைக்குள் கிருமி கிட்டத்தட்ட இல்லை. எல்லாமே வெளியிலிருந்து வருகிறது. தோலின் வெளிப்பக்கம், குடலில் இருப்பது, கத்தி, கை, தண்ணீர், தரை. ஒரு கடைக்குப் பின்னால் விடியற்காலையில் போய் நின்று பார்த்தால் போதும். அறுத்த ஆடு ஈரத் தரையில் கிடக்கும். பின்னங்காலில் சின்னக் கீறல் போட்டு, வாயை வைத்து ஊதித் தோலைத் தளர்த்துவார்கள். ஊதுகிறவரின் எச்சிலும் மூச்சும் கறிக்குள் போகிறது. தோலைக் கிழித்த அதே கத்தி அடுத்த நொடி தொடைச் சதையில் இறங்கும். உரிக்கும்போது சாணம் ஒட்டிய மயிர்ப்பக்கம் சுருண்டு சதை மேல் படும். ஒரே வாளித் தண்ணீரில் கத்தி, கை, குடல், பிறகு கறி. வாளி சிவப்பானால் மாற்றுவார்கள். அந்தத் தண்ணீரை ஊற்றிக் கழுவியதால் கறி பளபளவென்று தெரியும். ஆனால் ஒரு மூலையில் இருந்த அழுக்கு முழு உடம்புக்கும் பரவியிருக்கும்.

நான்கு வழிகளையும் இந்தக் காட்சியை வைத்துத்தான் எடை போட வேண்டும். எந்த வழி இதை மாற்றுகிறது, எந்த வழி இதற்கு மேல் கூரை மட்டும் போடுகிறது?

புதிய இயந்திரக் கூடம் மாற்றும், சந்தேகமில்லை. மேலே ஓடும் தண்டவாளத்தில் ஆடு தொங்கிக்கொண்டே நகரும். ஓரிடத்தில் தோல் உரிப்பு, அடுத்த இடத்தில் குடல் எடுப்பு, அதற்கடுத்து மருத்துவர் பார்வை. அழுக்குப் பக்கம் வேறு, சுத்தப் பக்கம் வேறு. கோயம்புத்தூர், சேலம், ஈரோடு மாதிரி தினமும் நூற்றுக்கணக்கில் அறுபடும் நகரங்களுக்கு இதுவே வழி. நம் பேரூராட்சிக்கோ வாரத்தில் ஆறு நாள் ஐந்தாறு ஆடுதான். ஐந்து ஆட்டுக்காக மோட்டாரை ஓட்டி, கழிவுநீர் நிலையத்தை இயக்கி, குளிர் அறையைக் குளிராக வைத்திருக்க எந்த ஒப்பந்ததாரரும் தயாராக இருக்க மாட்டார். ஒரு ஆட்டுக்கு இத்தனை ரூபாய் என்று கட்டணத்தை ஏற்றுவார். கடைக்காரர்கள் மறுபடி கடைக்குப் பின்னாலேயே போய்விடுவார்கள். கழிவுநீர் நிலையத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதில் வேலை செய்வது உயிருள்ள நுண்ணுயிர்கள். ஞாயிறு ஒரு நாள் மூட்டையாகச் சாப்பாடு, மற்ற நாள் பட்டினி என்றால் அவை நிலைக்காது. சின்ன ஊரில் இந்த இயந்திரம் திறப்புவிழா போட்டோவுக்கு மட்டும்தான் உதவும்.

பக்கத்து நகராட்சியோடு சேர்வது பற்றி நிதானமாக யோசிக்க வேண்டும். காகிதத்தில் பார்த்தால் இதுவே மலிவு. கூடம் கட்ட வேண்டியதில்லை, மருத்துவர் அங்கேயே இருப்பார், ரத்தமும் சாணமும் நம் ஊருக்கு வராது. ஆனால் கறி எப்படி வரும்? விதிமுறைப்படி உள்ளே துத்தநாகமோ அலுமினியமோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ அடித்த பெட்டியில், குளிரூட்டிய வண்டியில் வர வேண்டும். ஆள் போகும் வண்டியில் ஏற்றவே கூடாது, திறந்தபடி கொண்டுபோகவும் கூடாது. நடப்பது என்ன என்று நமக்குத் தெரியும். டிவிஎஸ் எக்ஸெல்லின் முன்பக்கம் முழு ஆட்டைக் குறுக்கே போட்டு, மேலே ஒரு சாக்கு. ஓட்டுகிறவரின் முழங்கால் கறியில் இடித்துக்கொண்டே வரும். கூடத்தில் எவ்வளவு சுத்தமாக அறுத்திருந்தாலும் இருபது கிலோமீட்டர் புழுதி அதை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடும். பேரூராட்சியே ஒரு குளிர் வண்டி வாங்கி, ஓட்டுநர் போட்டு, ஞாயிறு விடியற்காலையில் இரண்டு நடை அடித்தால்தான் இந்த வழி வழியாகும். அதற்கு மேல், குளிர்ந்த கறியை ஜனங்கள் வாங்கப் பழக வேண்டும். முறையாகக் குளிரவைத்த கறிதான் பத்திரமானது என்பது உண்மை. ஆனாலும் சூட்டுக் கறி கேட்கும் ஊரில் அந்தப் பழக்கம் ஒரு வருஷத்தில் மாறாது.

இனிச் சீரமைப்பு. கூட்டிக் கழித்துப் பார்த்தால் இதில் தேவைப்படுவது நான்கு ஐந்து சாமான்தான்.

முதலாவது தொங்கவிடும் கம்பி. மேலே குறுக்கே உறுதியான ஜிஐ பைப், அதில் கொக்கிகள், ஆட்டைத் தூக்க ஒரு கப்பி. அறுத்து ரத்தம் வடிந்ததும் ஆடு தரையைத் தொடவே கூடாது. தொங்கவிட்டு உரித்தால் மேலிருந்து கீழாகத் தோல் தன் எடையிலேயே இறங்கும்; மயிர்ப்பக்கம் வெளியே திரும்பியே இருக்கும்; வாயால் ஊத வேண்டிய தேவை குறையும். கடைக்காரர்களை இதற்கு இணங்க வைக்கச் சுகாதாரப் பிரசங்கம் வேண்டியதில்லை. தோல் விலையைச் சொன்னால் போதும். தரையில் அவசரமாக உரிக்கும்போது விழும் கத்திக் கீறல்தான் தோலின் விலையைக் குறைக்கிறது. மேச்சேரி ஆட்டின் தோலுக்கு இருக்கும் பெயரும், ஈரோட்டில் தோல் பதனிடும் தொழில் இருப்பதும் நம் ஆட்களுக்குத் தெரியாததல்ல.

இரண்டாவது வெந்நீர். கத்தியைச் சுத்தம் செய்ய 82 டிகிரி செல்சியஸ் வேண்டும் என்பது உலகமெங்கும் கடைப்பிடிக்கும் அளவு. ஆளுக்கு இரண்டு கத்தி: ஒன்று கையில், ஒன்று வெந்நீரில். தோல் கிழித்ததும் மாற்று, குடல் எடுத்ததும் மாற்று. சூரியசக்தி வெந்நீர்க் கருவி மட்டும் வைத்தால் பெரும்பாலும் 60 டிகிரியோடு நின்றுவிடும், அதிகாலையில் அதுவும் இருக்காது. விறகு பாய்லரோ கேஸோ கூடவே வேண்டும். டைல்ஸுக்கு ஒதுக்கிய தொகையில் கால் பங்கு இதற்குப் போதும். டைல்ஸைவிடப் பல மடங்கு பலன் இதில்தான்.

குடல் எடுக்கும் முறை காசே கேட்காத விஷயம். உணவுக்குழாயையும் மலக்குடலையும் நூலால் கட்டிவிட்டு எடுத்தால் உள்ளே இருப்பது கறி மேல் சிந்தாது. முந்தின நாள் மாலையே தீனியை நிறுத்தித் தண்ணீர் மட்டும் வைத்தால் குடல் காலியாக இருந்து வேலை இன்னும் சுலபமாகும். குடல் அலசுவதும், தலை கால் வாட்டுவதும் வேறு அறையில். இப்போது தலையைத் தெருவில் வைத்து வாட்டுகிறார்களே, அது இங்கே வந்துவிட வேண்டும்.

ரத்தத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் தெருக்காரர்களின் மனு இதைப் பற்றித்தான். ஒரு ஆட்டுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் ரத்தம். நாற்பது ஆட்டுக்கு நாற்பது லிட்டர்தானே, வாய்க்காலில் கழுவி விடலாம் என்று தோன்றும். ஆனால் ரத்தத்தின் பிஓடி, அதாவது அது மக்கத் தண்ணீரிலிருந்து உறிஞ்சும் ஆக்ஸிஜனின் அளவு, லிட்டருக்கு ஒன்றரை லட்சம் மில்லிகிராமுக்குக் குறையாது. வீட்டுச் சாக்கடைத் தண்ணீரில் அது சில நூறுதான். கணக்குப் போட்டால் அந்த நாற்பது லிட்டர், நூறு பேருக்கு மேல் ஒரு நாள் முழுக்க விடும் கழிவுநீருக்குச் சமம். வதைக்கூடத்திலிருந்து வெளியேறும் நீரில் அது லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது 2016-இல் இறுக்கப்பட்ட விதி. சாயத் தண்ணீர் நொய்யலை என்ன செய்தது என்று பார்த்த மண் இது. 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன அளவுக்கு அது போனது. இன்னொரு வாய்க்காலை நாமே கெடுக்கக் கூடாது.

ரத்தத்தைத் தண்ணீரோடு சேர விடாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. அறுக்கும் இடத்தில் தனித் தொட்டி, அதற்குத் தனி வடிகால், கழுவும் தண்ணீருக்கு வேறு வடிகால். பொரியலுக்குக் கேட்பவர்களுக்காக, நோயில்லை என்று பார்த்த ஆட்டின் ரத்தத்தைச் சுத்தமான பாத்திரத்தில் பிடித்துத் தரலாம். மீதியைக் காய்ச்சி உலர்த்தினால் 10 முதல் 12 சதவீதம் தழைச்சத்து உள்ள எரு. மஞ்சளும் தென்னையும் போடும் ஊரில் அதற்கு ஆள் தேட வேண்டியதில்லை. இரைப்பைச் சாணத்தைச் சாண எரிவாயுக் கலத்தில் போட்டால் வெந்நீர் பாய்லருக்குக் கொஞ்சம் எரிபொருளும் கிடைக்கும். இந்த இரண்டையும் பிரித்த பிறகு மிஞ்சும் கழுவு நீர், சின்ன ஊரின் சின்ன ஏற்பாட்டால் சமாளிக்கக்கூடிய அளவுக்கு வந்துவிடும்.

கூடத்தைச் சுற்றி வேலி போடுவதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். ஈரலிலோ நுரையீரலிலோ நீர்க்கட்டி இருந்தால் கடைக்காரர் அதை அறுத்து நாய்க்கு எறிவார், அது இயல்பு. அந்தக் கட்டிக்குள் இருப்பது ஒரு நாடாப்புழுவின் இளநிலை. நாயின் குடலில் அது புழுவாக வளர்ந்து முட்டையிடும். முட்டை நாயின் கழிவோடு புல்லில் விழும். ஆடு மேயும்போது மறுபடி உள்ளே போகும். நாயைத் தொட்ட கையோடு சாப்பிடும் குழந்தைக்கும் போகும். மனிதர் ஈரலில் அது வருஷக்கணக்கில் வளர்ந்து அறுவைச் சிகிச்சை வரை இழுத்துவிடும். இந்தச் சுற்றை அறுக்கச் சுலபமான இடம் ஆடுவதைக்கூடம்தான். ஒதுக்கிய உறுப்புகளைப் பூட்டிய டப்பாவில் போட்டு, ஆழக் குழியில் சுண்ணாம்பு போட்டுப் புதைக்கவோ எரிக்கவோ வேண்டும். நாய் உள்ளே வரக் கூடாது.

இத்தனையும் செய்தாலும் ஒரு ஆள் இல்லையென்றால் எல்லாம் வீண். அவர்தான் கால்நடை மருத்துவர். 2001 விதிகளின்படி அவர் பார்த்துத் தகுதிச் சான்று கொடுக்காத ஆட்டை அறுக்கக் கூடாது. சினை ஆடு, மூன்று மாதத்துக்குக் குறைந்த குட்டி, மூன்று மாதத்துக்குள் ஈன்ற தாய் ஆடு கூடாது. ஒரு மருத்துவர் மணிக்கு 12 ஆட்டுக்கு மேல் பார்க்கக் கூடாது, ஒரு நாளைக்கு 96-க்கு மேலும் கூடாது. பார்த்த பிறகு 24 மணி நேரம் ஓய்வு, ஒரு ஆட்டுக்கு 1.6 சதுர மீட்டர் இடம், ஒன்று சாவதை இன்னொன்று பார்க்கக் கூடாது. ஒரு நாளைக்குப் பத்து ஆடோ அதற்கு மேலோ அறுக்கும் கூடத்துக்கான விதிகள் இவை; ஞாயிறு கணக்கால் நம் கூடம் இதற்குள் வந்துவிடுகிறது. உணவுப் பாதுகாப்புக் கணக்கிலும் அப்படியே: ஒரு நாளைக்கு 10 ஆடுவரை பதிவு போதும், அதற்கு மேல் 150 வரை மாநில உரிமம்.

இதை நம் நாற்பது ஆட்டுக்குப் போட்டுப் பார்ப்போம். பரிசோதனைக்கு மூன்றரை மணி நேரம். பட்டிக்கு 64 சதுர மீட்டர், ஏறக்குறைய ஒன்றரை சென்ட் இடம். ஞாயிறு விடியற்காலை அறுக்க வேண்டுமென்றால் வெள்ளி மாலைக்குள் மருத்துவர் பார்த்து ஆடு பட்டிக்குள் இருக்க வேண்டும். இப்போது சந்தையில் வாங்கிய ஆட்டை மினி டெம்போவில் நெருக்கிக் கொண்டுவந்து இறக்கிய கையோடு அறுக்கிறார்கள். அலைச்சலில் தசையில் இருக்கும் சர்க்கரைச்சத்து தீர்ந்துபோகும்; அதனால் அறுத்த பிறகு கறியில் புளிப்பு ஏறாது; கறி கறுத்து, பிசுபிசுத்து, சீக்கிரம் கெடும். ஓய்வு என்பது ஆட்டின் மேல் உள்ள இரக்கம் மட்டுமல்ல, வாங்குகிறவரின் காசும் அதில் இருக்கிறது. அறுத்த பிறகு மருத்துவர் மறுபடி வந்து ஈரல், நுரையீரல், நிணநீர்க் கட்டிகளைப் பார்த்து முத்திரை குத்த வேண்டும். அந்த இடத்தில் 500 லக்ஸ் வெளிச்சம் வேண்டும் என்கிறது விதி. குண்டு பல்பு வெளிச்சத்தில் தட்டைப்புழு தின்ற ஈரல் நல்ல ஈரல் மாதிரியே தெரியும்.

நம் பக்கத்துக் கால்நடை மருந்தகத்து மருத்துவர் சினை ஊசி, தடுப்பூசி முகாம், பிரசவச் சிக்கல் என்று பத்துக் கிராமத்துக்கு ஓடுகிறவர். அவரை வெள்ளி மாலையும் ஞாயிறு விடியலும் வா என்று வெறும் கடிதம் போட்டுக் கூப்பிட்டால் நடக்காது. ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஒருவரை மதிப்பூதியத்துக்கு அமர்த்துவது நடைமுறைக்கு உகந்தது. நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கும் வட்டாரம் நம்முடையது, படித்தவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆட்டுக்கு இவ்வளவு என்று கடைக்காரர்களிடம் வாங்கும் கட்டணத்திலிருந்தே இதைக் கொடுக்கலாம். முத்திரைக் கறி என்று பெயர் வந்துவிட்டால் கிலோவுக்குப் பத்து ரூபாய் கூடக் கொடுக்கத் தயங்காதவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள்.

அதனால் மன்றத்தில் எஸ்டிமேட் போடும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, மருத்துவர் யார் என்பதுதான். ஆள் கிடைத்து, வருஷத்துக்கான ஊதியம் பட்ஜெட்டில் தனித் தலைப்பாக ஏறினால், பழைய கூடத்தைச் சீரமைக்கலாம். காசு போடும் வரிசை: ஆழ்குழாய்த் தண்ணீரைச் சோதித்து மேல்நிலைத் தொட்டி, தொங்கவிடும் கம்பி, வெந்நீர், ரத்தத் தொட்டி, பட்டி, வேலி, வெளிச்சம். சுவருக்கு டைல்ஸ் கடைசியில். மருத்துவர் எப்படியும் கிடைக்க மாட்டார் என்றாலோ, ஞாயிற்றுக்கிழமைகூடப் பத்து ஆட்டைத் தாண்டாத ஊர் என்றாலோ, கட்டுவதை விட்டுவிட்டு நகராட்சியோடு சேர்ந்துகொள்வதே நல்லது. அப்போது ஒப்பந்தத்தில் மூன்று எழுத வேண்டும்: குளிர் வண்டி யாருடையது, ஞாயிறு நம் ஊர் ஆட்டுக்கு எந்த நேரம், முத்திரை இல்லாமல் ஒரு உடல்கூட வண்டியில் ஏறாது.

சீரமைத்த கூடத்தில் ஞாயிறு வேலையை இரண்டு தவணையாகப் பிரிப்பதையும் மன்றம் முதல் நாளிலேயே தீர்மானமாகப் போட்டுவிடலாம். அதிகாலை நான்கு மணிக்கு இருபத்தைந்து ஆடு, எட்டு மணிக்குப் பதினைந்து. மருத்துவருக்கு நேரம் கூடும், ஊதியமும் கூடும். பத்து மணிக்கு மேல் கறி வாங்க வருகிறவர்களுக்கு ஆறு மணி நேரம் தொங்கிய கறி கிடைக்காது. கடைக்காரருக்கும் மதியத்துக்கு மேல் மிஞ்சியதை என்ன செய்வது என்ற கவலை குறையும்.